காக்கா ஆழியும் உயிரியல் ஆய்விதழ்களும்: வடசென்னையிலிருந்து மூன்று அனுபவங்கள்

திருவொற்றியூர், கல்லூரி விலங்கியல் ஆசிரியை:

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய காட்டுக்குப்பத்துக்கு மாணவிகளை அழைத்துச் சென்றிருந்தபோது, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெரியவர் ஒருவர் ஆழி என்னும் சிப்பியினத்தில் ஒரு கொத்தைப் பிய்த்தெடுத்து எங்கள் முன் போட்டு, "இது நம்ம ஊரு ஆழி இல்ல டீச்சர், கப்பலோட வந்தது. இது படர்ந்த எடத்துல இறாலு தங்காது" என்றார். கறுத்த ஓடுகளும் பழுப்பு வரியோடிய ஓடுகளும் மெல்லிய நார்களால் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்றைத் தனியே பிரிக்க விரல் நகம் போதவில்லை. இறால் புதைந்துகொள்ள வேண்டிய சேற்றை இப்பின்னல் பாய் விரித்தாற்போல் மூடிவிடுகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கியது.

காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் அவ்வுயிரியின் அறிவியற்பெயரைத் தேடப் புகுந்தபோதுதான் ஆய்விதழ் எதற்காக இருக்கிறது என்பதை நான் முழுமையாக உணர்ந்தேன். பழைய கட்டுரைகள் அதனை மைட்டெல்லா சர்ருவானா என்றன. புதியவை மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்றன. இரண்டும் ஒரே உயிரி என்பதையும், ஹான்லி என்ற சிப்பியியல் அறிஞர் 1843-இல் இட்ட ஸ்ட்ரிகேட்டா என்ற பெயருக்கே முன்னுரிமை உண்டு என்பதையும், சிங்கப்பூரில் இவ்வாழி பரவியதை ஆராய்ந்தவர்கள் 2018-இல் 'மொலஸ்கன் ரிசர்ச்' இதழில் நிறுவியிருந்தார்கள். மறு ஆண்டே, கேரளத்தின் உப்பங்கழிகளில் இது காணப்பட்ட செய்தி 'பயோஇன்வேஷன்ஸ் ரெக்கார்ட்ஸ்' இதழில் வந்தது. தென் அமெரிக்கக் கரையைத் தாயகமாகக் கொண்ட ஓர் உயிரி நம் கழிமுகம் வரை வந்த வழியை, கட்டுரை கட்டுரையாகப் பின்தொடர்ந்து செல்ல முடிகிறது என்றால், ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் பார்த்ததைத் தேதியோடும் இடத்தோடும் எழுதி, அதை ஓர் இதழ் அச்சிட்டு வைத்ததால்தான். விலங்குகளின் அறிவியற்பெயர்களுக்கு 1758-ஆம் ஆண்டைத் தொடக்கமாக வைத்து, எது முதலில் வெளியானதோ அதற்கே முன்னுரிமை தரும் விதி இருப்பதால், இதழ் வெளியான தேதியே இத்துறையில் சான்றாகிவிடுகிறது.

அந்தப் பெரியவர் சொன்னதற்கும் அக்கட்டுரைகளுக்கும் முரண் எதுவும் இல்லை. அவர் முதலில் கண்டார். எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

பழைய வண்ணாரப்பேட்டை, ஓய்வுபெற்ற பேராசிரியர்:

அம்மா, நீங்கள் கடைசியாகச் சொன்னதைப் படித்ததும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ்தான் என் நினைவுக்கு வந்தது. 1883-இல் எட்டுப் பேர் கூடித் தொடங்கிய அக்கழகம், 1886-இல் ஸ்டெர்ண்டேல், எய்ட்கன் ஆகியோரை ஆசிரியர்களாகக் கொண்டு இதழை வெளியிடத் தொடங்கியது. மாணவப் பருவத்தில் நூலகத்தில் அதன் அட்டை கட்டிய தொகுதிகளைப் புரட்டும்போது, நீண்ட கட்டுரைகளை விட்டுவிட்டுப் பின்பகுதியில் இருக்கும் பல்வகைக் குறிப்புகளைத்தான் முதலில் தேடுவேன். வன அலுவலர்கள், தோட்ட முதலாளிகள், படைவீரர்கள் என்று உயிரியலைப் பாடமாகப் படிக்காத பலர், தாங்கள் கண்ட ஒரு பாம்பின் நீளத்தையோ ஒரு பறவை கூடு கட்டிய மாதத்தையோ அரைப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். அரைப் பக்கமே ஆனாலும் இடமும் நாளும் அளவும் சரியாக இருந்தால், நூறாண்டு கழித்தும் ஒருவர் அதை மேற்கோள் காட்டலாம். பழைய தொகுதிகள் இன்று பல்லுயிர் மரபு நூலகத்தின் (பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி) இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உங்கள் மாணவிகளைக் கட்டாயம் படிக்கச் சொல்லுங்கள்.

நம் மாநிலத்திலேயே, கோயம்புத்தூரிலிருந்து 1999-இல் 'ஜூஸ் பிரிண்ட் ஜர்னல்' என்று தொடங்கி, 2009 முதல் 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்சா' என்ற பெயரில் வரும் இதழும் இத்தகைய சிறு குறிப்புகளுக்கு இடம் தருகிறது. யாரும் விலையின்றிப் படிக்கலாம் என்பதை நான் அதன் பெருந்தொண்டாகவே கருதுகிறேன்.

காசிமேடு, ஆய்வு மாணவர்:

ஐயா கூறிய அந்த அரைப் பக்கத்தை எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை, மீன்பிடித் துறைமுகத்தின் ஏலக்கூடத்தில் கிடைத்த ஒரு மீனைப் பற்றிக் குறிப்பு அனுப்பியபோது அறிந்தேன். துடுப்புக் கதிர்களை மீண்டும் எண்ணுமாறும், மீனைப் பதப்படுத்தி ஓர் அருங்காட்சியகத்தில் சேர்த்துப் பதிவெண் பெறுமாறும், பத்தொன்பதாம் நூற்றாண்டு மீனியலாளர் பிரான்சிஸ் டே தம் 'இந்திய மீன்கள்' நூலில் தந்துள்ள விவரணையோடு ஒப்பிடுமாறும், வெளியிடுமுன் குறிப்பைச் சரிபார்க்க இதழ் அமர்த்திய மதிப்பாய்வாளர் கேட்டார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது; ஊதியமின்றி என் கணக்கை வரி வரியாகச் சரிபார்த்த அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதே காலத்தில் வேறோர் இதழிலிருந்து, மீனின் படத்தைக்கூடக் கேளாமல், பணம் கட்டினால் உடனே வெளியிடுவதாக மின்னஞ்சல் வந்தது. சக ஆய்வாளர் எவரும் பார்க்காத பதிவு பிற்காலத்தில் தவறான பரவல் வரைபடங்களுக்கு வழிவகுக்கும் என்பதால் அதை ஏற்கவில்லை.

ஆசிரியை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணூரில் காக்கா ஆழி எந்த ஆண்டில் தலைகாட்டியது என்பதை உறுதிசெய்யப் பழைய ஒளிப்படங்கள் உதவும். காட்டுக்குப்பத்திலோ முகத்துவாரக்குப்பத்திலோ படகின் அடிப்புறமும் வலையும் தெரியும்படி எடுத்த, தேதியுள்ள படம் எவரிடமேனும் இருந்தால், அந்தப் பெரியவரையும் கட்டுரையாசிரியர்களுள் ஒருவராகச் சேர்த்து நாம் ஒரு குறிப்பு எழுதலாம். ஓடுகளை அளக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.