எச்டாக்8 டாக்கிங்: வோரினோஸ்டாட் ஜிங்க்கைப் பிடிக்க மாட்டேங்குது, உதவுங்க

காரைக்குடி மாணவி:
மனித எச்டாக்8 நொதியில (புரதத்துல இருந்து அசிட்டைல் தொகுதியை நீக்குறது, வினை நடக்கிற இடத்துல ஜிங்க் அயனி இருக்கும்) வோரினோஸ்டாட் மருந்தை டாக் பண்றேன், அதாவது அது உள்ள எப்படி உட்காரும்னு கணினில கணிக்கிறேன். அமைப்பு புரத வங்கியில (பிடிபி) இருக்கிற 2வி5டபிள்யூ, மென்பொருள் ஆட்டோடாக் வைனா. ஜிங்க்கைப் பிடிக்க வேண்டிய ஹைட்ராக்சமேட் முனை, ஜிங்க் வரைக்கும் போற குறுகிய குழாய்க்குள்ள போகாம வாசல்லயே மடங்கி நிக்குது. ஜிங்க்குக்கு +2 சார்ஜ் கையால போட்டும் ஸ்கோர் (பிணைப்பு எவ்வளவு வலுன்னு மென்பொருள் தர்ற எண்) அசையல. டைரோசின்306 (306-வது இடத்து அமினோ அமிலம்) கூட ஹைட்ரஜன் பிணைப்பும் வரல.

தேவகோட்டை:
கடைசியா கேட்டதுக்கு முதல்ல. அந்த அமைப்புல 306-ல டைரோசினே கிடையாதும்மா, ஃபினைல்அலனின். வினை நடக்காம, உள்ள வச்ச பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு) அங்கேயே தங்கணும்னு வேணும்னே மாத்தினது. ஹைட்ராக்சில் இல்லாத இடத்துல பிணைப்பு எங்கிருந்து வரும்? 1டி64 அமைப்பை எடுங்க: படத்தோட தெளிவு 1.9 ஆங்ஸ்ட்ராம் (எண் சின்னதா இருந்தா தெளிவு அதிகம்), உள்ள இருக்கிற ட்ரைக்கோஸ்டாட்டின்ங்கிற தடுப்பானும் ஹைட்ராக்சமேட்தான். 1டி69-ல வோரினோஸ்டாட்டே இருக்கு, ஆனா தெளிவு 2.91தான், ஒப்பிட மட்டும் வச்சுக்குங்க.
சார்ஜ் விஷயம்: வைனாவோட சொந்த ஸ்கோர் சார்ஜைப் பார்க்கவே பார்க்காது. +20 போட்டாலும் அதே எண்தான்.

கோட்டையூர்க்காரர்:
அண்ணன் சொன்னதோட இன்னொண்ணு. ஜிங்க்கைப் பிடிச்சிருக்கிறது ஆஸ்பார்டேட்178, ஹிஸ்டிடின்180, ஆஸ்பார்டேட்267. ஹிஸ்டிடின் வளையத்துல டெல்டா, எப்சிலான்னு ரெண்டு நைட்ரஜன் இருக்கு; இதுல டெல்டாவால பிடிக்குது, அதனால ஹைட்ரஜன் எப்சிலான் பக்கம் இருக்கணும். தானா ஹைட்ரஜன் சேர்க்கிற கருவி டெல்டாவில வச்சுட்டா அது நேரா ஜிங்க் மேல இடிக்கும். டாக்கிங்குக்குத் தயாரிச்ச பிடிபிக்யூடி கோப்பைத் திறந்து கண்ணால பாருங்க. தண்ணியை நீக்கும்போது ஹெட்டேட்டம் வரிகளை (தண்ணி, அயனி மாதிரி புரதம் அல்லாத அணுக்களோட வரிகள்) மொத்தமா அழிக்காதீங்க, ஜிங்க்கும் கூடவே போயிடும்.
ஸ்கோருக்கு ஜிங்க்குக்குன்னே செஞ்ச ஆட்டோடாக்4-ஜிங்க் விசைப்புலம் (அணுக்களுக்கு நடுவுல உள்ள ஆற்றலைக் கணக்கிடுற விதிகள்) எடுங்க. அதோட ஸ்கிரிப்ட் ஜிங்க்கோட காலி முனையில டிஇசட்-னு ஒரு போலி அணு வைக்கும். வைனா 1.2-லயும் ஏடி4 (ஆட்டோடாக்4) ஸ்கோர் வழியா இதை ஓட்டலாம், வரைபடம் (பெட்டியில ஒவ்வொரு புள்ளிக்குமான ஆற்றல்) மட்டும் ஆட்டோகிரிட் நிரல்ல தயாரிக்கணும்.
மருந்தைத் தேடற பெட்டி: புள்ளிக்குப் புள்ளி 0.375 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி, பக்கத்துக்கு 60 புள்ளி, அதாவது 22.5 ஆங்ஸ்ட்ராம். நடுவை ஜிங்க் மேலயே வைக்காம வாசல் பக்கம் 5 ஆங்ஸ்ட்ராம் தள்ளுங்க. மருந்தோட வால் வெளியே வரைக்கும் நீளும்.

காரைக்குடி மாணவி:
நன்றிண்ணே. ஆட்டோகிரிட் இப்ப பொட்டாசியம் தெரியாத அணுன்னு நிக்குது. நீக்கிடலாமா?

தேவகோட்டை:
இந்த வேலைக்கு நீக்கலாம். புரதத்துக்குள்ள புதைஞ்ச அயனி, மருந்தைத் தொடாது. மூலக்கூறு இயக்கவியலுக்கு (அணுக்களை அசைய விட்டுப் பார்க்கிற கணிப்பு) போனா மட்டும் திரும்ப வச்சுடணும். வோரினோஸ்டாட்டுக்கு முன்னாடி ட்ரைக்கோஸ்டாட்டினை எடுத்துட்டு மறுபடி டாக் பண்ணுங்க. முதல்ல அமைப்புல இருந்த நிலையில இருந்து விலகல் 2 ஆங்ஸ்ட்ராமுக்குள்ள வந்து, ஹைட்ராக்சமேட்டோட ரெண்டு ஆக்சிஜனும் ஜிங்க் பக்கம் திரும்பியிருந்தா மேல போங்க. இல்லேன்னா அந்த ஹிஸ்டிடினை இன்னொரு தடவை பாருங்க.