விளம்பரம் எழுதப் பழக ஆரும் வழி சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார் அக்காமார், நான் யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பிரிண்டிங் கடையில வேலை செய்யிறன், ஃபோட்டோஷொப் ஓரளவு தெரியும், ஆனா வாற எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் செய்து குடுக்கிறன், மேல பிள்ளையார், நடுவில பத்துப் படம், கீழ மூண்டு போன் நம்பர்.

போன கிழமை ஒரு பனங்கட்டிக் கடைக்கு கடிச்ச பனங்கட்டி ஒண்டும் பக்கத்தில ஒரு பிளேன்டீயும் மட்டும் வச்சு "சீனிப் போத்தலை மூடுங்கோ" எண்டு போட்டுக் குடுத்தன், முதலாளி பாத்திட்டு தம்பி மிச்ச இடம் ஏன் சும்மா கிடக்குது, அதில ஒடியல் மாவையும் போடும் எண்டுட்டார் 😅 1959 இல அமெரிக்காவில ஃபோக்ஸ்வாகனுக்குச் செய்த விளம்பரத்தில படத்தின்ர பெரும்பகுதியை வெறுமையா விட்டு ஒரு பக்கமா சின்னனா ஒரு கார்தான், அதை இவருக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது?

எனக்குத் தேவை டிசைனை விட எழுத்துத்தான். இங்கிலீஷ் வரியை அப்பிடியே தமிழாக்கினா உப்புச்சப்பில்லாமல் இருக்கு. எங்கட பேச்சிலயே நறுக்கெண்டு எழுத எங்க பழகலாம், யாழ்ப்பாணத்தில வகுப்பு ஏதும் இருக்கோ, இல்லாட்டி ஒன்லைனில? ஆராவது என்ர நாலைஞ்சு டிசைனைப் பாத்துப் பிழை சொன்னாலே போதும், பேசினாலும் பரவாயில்லை.

இன்னொண்டு, கடையில எல்லாம் யூனிக்கோட் இல்லாத பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சது, கன்வா எண்ட ஒன்லைன் டிசைன் தளத்தில போட்டா இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டுது. யூனிக்கோட்டில தடிப்பான, வடிவான தமிழ் எழுத்துரு தெரிஞ்சாலும் சொல்லுங்கோ, நல்லூர் கொடியேற முதல் வேலை குவிஞ்சிடும்.