சொத்துவரியை ஏற்றினால்தான் டெல்லி பணம் தருமா?

கொருக்குப்பேட்டை கேட்:
அரையாண்டு சொத்துவரி கட்டிவிட்டு வருகிறேன். 580 சதுர அடி வீடு. முன்பு 420 ரூபாய். 2022-இல் சென்னையின் பழைய மாநகரப் பகுதியில் 600 அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 50 சதவீதம் ஏற்றியதில் 630 ஆனது. 2024-இல் மாநகராட்சி மாமன்றம் இன்னொரு 6 சதவீதம் போட்டதும் 668. தொகை சின்னதுதான், அதற்காக அழவில்லை. ஏன் ஏற்றினீர்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் டெல்லியைக் கை காட்டுகிறார்கள், அதுதான் எரிச்சல். ஒன்றிய அரசின் வரிப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று சொல்வது நிதிக் குழு. 15-வது நிதிக் குழு 2021-26-க்கான உள்ளாட்சி மானியத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தது. சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், பிறகு மாநிலப் பொருளாதாரம் வளர்கிற வேகத்துக்கு வசூலும் வளர வேண்டும். இல்லையென்றால் மானியம் கிடையாது. என் வீட்டு வரியை டெல்லியில் ஒரு குழு முடிவு செய்யுமானால், இங்கே 200 வார்டும் 200 கவுன்சிலரும் எதற்கு?

தங்கசாலை மணிக்கூண்டு:
அண்ணே, கணக்கை 2022-இல் இருந்து தொடங்குகிறீர்களே. அதற்கு முன் சென்னையில் எல்லாச் சொத்துக்கும் வரியைத் திருத்தும் பொதுச் சீராய்வு நடந்தது 1998-இல். இந்த 24 வருஷத்தில் டீசல் ஏறவில்லையா, துப்புரவுப் பணியாளர் சம்பளம் ஏறவில்லையா? 2018-இல் ஏற்றினார்கள், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். உள்ளூரில் யாருக்கும் கெட்ட பெயர் வாங்க மனசு வராது. வருஷத்துக்கு 6 சதவீதம் ஏற்றுவது பெரிய வலி இல்லை. கால் நூற்றாண்டு தூங்கிவிட்டு ஒரே அடியாக 150 சதவீதம் ஏற்றினார்களே, 1800 அடிக்கு மேல் வீடு வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

நான் வேறொரு ஊர் நகராட்சியில் கணக்குப் பிரிவில் இருந்தவன். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு வரும். அந்தப் பங்கு வந்ததா, வந்ததா என்று மாதக் கடைசியில் விசாரித்துக்கொண்டே இருப்போம். சொந்த வசூல் இல்லாதவன் சுயாட்சி பேச முடியாது.

வியாசர்பாடி வாடகை:
இரண்டு பேரும் வீட்டுக்காரர்கள் போலிருக்கிறது. எனக்கு ரசீது வராது, வாடகைதான் வரும். வரி 38 ரூபாய் ஏறினால் வாடகை 500 ஏறுகிறது. சரி, நீங்கள் தொடருங்கள்.

திருவொற்றியூர் தேரடி:
மணிக்கூண்டு சார், சொந்த வசூல் வேண்டும் என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வசூலிக்க என்ன விட்டுவைத்திருக்கிறார்கள்? 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் விளம்பர வரி போனது. கேளிக்கை வரி மட்டும் எப்படியோ தப்பித்தது. தொழில் வரியைப் பாருங்கள். அரசியலமைப்பின் 276-வது பிரிவு, ஆளுக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. 250-ஆக இருந்ததை 1988-இல் இப்படி உயர்த்தினார்கள், அத்தோடு சரி. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். அதாவது மாதம் 13,000 வாங்கும் சூப்பர்மார்க்கெட் பையனும், 5 லட்சம் வாங்கும் மென்பொருள் மேலாளரும் ஒரே வரி! 14-வது நிதிக் குழுவே உச்சவரம்பை 12,000 ஆக்கச் சொன்னது. யார் கேட்டார்கள்? உச்சவரம்பைத் தூக்க நாடாளுமன்றம்தான் மனசு வைக்க வேண்டும். அதைச் செய்யாமல், 580 அடி வீட்டுக்காரரிடம் இன்னும் வசூல் செய் என்று நிபந்தனை வைக்கிறார்கள்.

கொருக்குப்பேட்டை கேட்:
தேரடி, இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் நாலு திசையும் ரயில்வே இடம்தான். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை யார்டு, பேசின்பிரிட்ஜ், அந்தப் பக்கம் பெரம்பூரில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை. 285-வது பிரிவின்படி ஒன்றிய அரசின் சொத்துக்கு உள்ளூர் வரி கிடையாது. வரி கட்டாதவர் எனக்கு வரி பாடம் நடத்துகிறார்.

தங்கசாலை மணிக்கூண்டு:
தொழில் வரியில் நான் தோற்றேன், தேரடி சொன்னது நூற்றுக்கு நூறு. ரயில்வே விஷயத்தில் பாதிதான் சரி. ராஜ்கோட் மாநகராட்சி வழக்கு 2009-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, வரி இல்லாவிட்டாலும் சேவைக் கட்டணம் தரவேண்டும் என்று ஆனது. சேவைகளைப் பயன்படுத்தும் அளவுக்கு ஏற்ப, சொத்துவரியில் 75, 50 அல்லது மூன்றில் ஒரு பங்கு. முழுசாக இல்லை, ஆனால் பூஜ்ஜியமும் இல்லை.

அப்புறம், அந்த மானியம் எதற்கு என்பதையும் பாருங்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கென்று ஐந்து வருஷத்துக்கு நாடு முழுக்க 38,196 கோடி. அதில் 12,139 கோடி காற்று மாசுக்கு, மீதி குடிநீர், கழிவுநீர், குப்பைக்கு. மணலி காற்றும் கொடுங்கையூர் குப்பை மேடும் நம் பக்கம்தானே? வேண்டாம் என்று சொல்வீர்களா?

திருவொற்றியூர் தேரடி:
வேண்டாம் என்று யார் சொன்னது? டெல்லிக்குப் போகும் வரியும் எங்களுடையதுதான். மாநிலங்களுக்குப் பிரிக்கும் பணத்தில் 2021-26-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது 4.079 சதவீதம், வரிக்கு மேல் டெல்லி கூடுதலாக வாங்கும் செஸ்ஸும் சர்சார்ஜும் பங்கீட்டுக்கே வராது. எங்கள் பணத்தில் ஒரு பகுதி நிபந்தனையோடு திரும்பி வருகிறது. 2011-க்கு முன்பு திருவொற்றியூர் தனி நகராட்சி. அப்போது வரி ஏறினால் தேரடியிலேயே நின்று சேர்மனைக் கேட்கலாம். இப்போது கேட்டால் மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகை, மாநில அரசு இருக்கும் கோட்டையைக் காட்டுகிறது, கோட்டை டெல்லியைக் காட்டுகிறது.

கொருக்குப்பேட்டை கேட்:
நான் கேட்டதும் அதுதான். 2016 அக்டோபரில் இருந்து 2022 வரை சென்னைக்கு மாமன்றமே கிடையாது. பிப்ரவரியில் தேர்தல் முடிந்தது, ஏப்ரல் முதல் தேதி வரி உயர்வை மாநில அரசு அறிவித்தது. பதவியேற்றுக் கொஞ்ச நாள்கூட ஆகாத கவுன்சிலர் என்னத்தை விவாதித்திருப்பார்? 6 சதவீதமோ 8 சதவீதமோ, எந்தத் தெருவுக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டு ஏற்றட்டும். கட்டுகிறேன்.

தங்கசாலை மணிக்கூண்டு:
அதற்குத்தானே வார்டில் வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபை வைத்திருக்கிறார்கள். போனீர்களா?

கொருக்குப்பேட்டை கேட்:
போனேன். மொத்தம் 14 பேர். தெருவிளக்கைப் பற்றிப் பேசினோம். வரி பற்றிக் கேட்டதும் டீ வந்துவிட்டது.

வியாசர்பாடி வாடகை:
அந்தக் கூட்டத்துக்கு வாடகைக்காரர் வரலாமா?

தங்கசாலை மணிக்கூண்டு:
வார்டு வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் வரலாம் தம்பி. கேட் அண்ணே, நீங்கள் மட்டும் அடுத்த தடவை 30 நாளுக்குள் கட்டுங்கள். 5 சதவீதம் தள்ளுபடி இருக்கிறது, 668-க்கு 33 ரூபாய் மிச்சம்.