டேங்க் பாதியானதும் லீன் ஆகி அணைந்துவிடும் நைட்ரோ டிரக்

கேள்வி – மண்தடம்

வணக்கம். என்னிடம் 3.5 சிசி எஞ்சின் பொருத்திய நைட்ரோ டிரக் (ரிமோட்டில் ஓடும் சிறிய மாதிரி வண்டி) ஒன்று உள்ளது. 20 விழுக்காடு நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளையே ஊற்றுகிறேன். டேங்கை நிரப்பி ஓட்டத் தொடங்கினால் முதல் சில நிமிடங்களுக்குக் குறையே சொல்ல முடியாது. புகை சீராக வருகிறது, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் வெப்பநிலையும் 110 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. டேங்க் பாதியாகக் குறைந்த பிறகோ, லீன் ஆகி (காற்று மிகுந்து எரிபொருள் குறைந்து) புகை மெலிந்து, முழு த்ராட்டிலில் வண்டி இழுக்காமல் திணறி, வெப்பநிலை 135ஐத் தாண்டி, எஞ்சின் அணைந்தே போகிறது. முழு வேகத்தில் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஹை ஸ்பீடு நீடிலை எட்டில் ஒரு சுற்று வீதம் திறந்து திறந்து, இதுவரை முக்கால் சுற்று கூடுதலாகத் திறந்துவிட்டேன். இப்போது டேங்க் நிறைந்திருக்கும்போது ரிச்சாகி (எரிபொருள் மிகுந்து) அடைத்துக்கொள்கிறது. பாதியானால் பழைய கதைதான். எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கை மாற்றியும் பயனில்லை. இன்னும் எவ்வளவு திறக்க வேண்டும்?

மறுமொழி – பழைய பிஸ்டன்

இனிமேல் நீடிலைத் தொடாதீர்கள். ஒரே நீடில் நிலையில் முதல் பாதி ரிச்சாகவும் பின்பாதி லீனாகவும் ஓடுகிறது என்றால், கோளாறு, காற்றையும் எரிபொருளையும் கலக்கும் கார்புரேட்டருக்கு எரிபொருள் வரும் வழியில் இருக்கிறது.

இவ்வகை வண்டிகளில் எரிபொருள் பம்ப் கிடையாது. சைலன்சரிலிருந்து வரும் சிறு குழாய், புகையின் அழுத்தத்தை டேங்குக்குள் செலுத்தி எரிபொருளைத் தள்ளுகிறது. டேங்க் நிறைந்திருக்கையில் எரிபொருளின் மட்டம் கார்புரேட்டரின் உயரத்துக்கு அருகில் இருப்பதால், அழுத்தம் கசிந்தாலும் குறை தெரிவதில்லை. மட்டம் இறங்க இறங்க அந்த அழுத்தத்தை நம்பியே எஞ்சின் ஓட வேண்டியிருக்கிறது. அப்போதுதான் கசிவு தன்னைக் காட்டிக்கொள்கிறது.

டேங்கைக் கழற்றிக் காலி செய்து, எரிபொருள் வெளியேறும் முனையை அடைத்துவிட்டு, அழுத்தக் குழாய் செருகும் முனையில் ஓர் ஊசியில்லா சிரிஞ்சைப் பொருத்தித் தண்ணீருக்குள் அமிழ்த்திக் காற்றை அழுத்துங்கள். வாயால் ஊதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எரிபொருளில் உள்ள மெத்தனால் நஞ்சு என்பதால் அதைச் செய்யவே கூடாது. பெரும்பாலும் மூடியின் ஓ-ரிங்கிலிருந்துதான் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) குமிழி வரும்.

மறுமொழி – நீலப்புகை

பழைய பிஸ்டன் சொல்வது பெரும்பாலும் சரி என்றாலும், டேங்கோடு நின்றுவிட வேண்டாம். டேங்கின் உள்ளே எரிபொருளை உறிஞ்சும் குழாய் நடுவில் விரிசல் விட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும், ஏனென்றால் மட்டம் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் அது எரிபொருளோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். தண்ணீர்ச் சோதனையில் இது அகப்படாது. டேங்க் பாதியான நிலையில் வண்டியைத் தூக்கிப் பிடித்து, எஞ்சினை மிதமான வேகத்தில் ஓட்டிக்கொண்டே கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கவனியுங்கள். குமிழிகள் சங்கிலியாக ஓடினால் உள்குழாயையோ வெளிக்குழாயின் ஊசித்துளையையோ ஐயுறலாம். குமிழியே இல்லாமல் லீன் ஆனால் அழுத்தக் கசிவை முதலில் ஐயுறுங்கள்.

த்ராட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் உடனே ஐடிலுக்கு (த்ராட்டில் கொடுக்காதபோது ஓடும் மெதுவேகம்) இறங்காமல் இரைந்துகொண்டே இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். அப்படியிருந்தால் கார்புரேட்டரின் அடிப்பகுதியிலோ முன் பேரிங்கிலோ காற்று உள்ளே புகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மறுமொழி – மண்தடம்

த்ராட்டிலை விட்டதும் ஒழுங்காக ஐடிலுக்கு வந்துவிடுகிறது. குழாயிலும் குமிழி இல்லை. தண்ணீருக்குள் வைத்து அழுத்தியபோது, மூடியின் கீல் பக்கத்திலிருந்து பொடிக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. ஓ-ரிங்கை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தட்டையாகி, நகம் பட்டாலே பிளக்கும் அளவுக்கு இறுகிப்போயிருந்தது. மாற்றிவிட்டேன். இப்போது குமிழி இல்லை; ஆனால் எஞ்சின் தொடக்கம் முதலே தடித்த புகையோடு முக்கி முக்கி ஓடுகிறது.

மறுமொழி – பழைய பிஸ்டன்

அது எதிர்பார்த்ததுதான். கசிவை ஈடுகட்ட நீங்கள் திறந்து வைத்த முக்கால் சுற்று இன்னும் அப்படியே இருக்கிறது. ஹை ஸ்பீடு நீடில், குறைந்த வேகத்துக்கான லோ ஸ்பீடு நீடில் ஆகிய இரண்டையும் கையேட்டில் சொன்ன தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, எஞ்சினை நன்றாகச் சூடேற்றிய பிறகு ஹை ஸ்பீடு நீடிலை முதலில் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது கடிகாரத்தில் ஒரு மணி அளவுக்கு மட்டும் மூடி, முழு த்ராட்டிலில் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். முழு வேகத்திலும் மெல்லிய புகைக்கோடு தெரிய வேண்டும். அது மறைந்தால் உடனே திறந்துவிடுங்கள்.

லோ ஸ்பீடு நீடிலை அதன் பிறகே தொட வேண்டும். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது கார்புரேட்டருக்கு அருகில் எரிபொருள் குழாயை விரலால் நெரியுங்கள். இரண்டு மூன்று வினாடிகள் ஓடி, வேகம் சற்றே கூடி அணைந்தால் சரியாக இருக்கிறது. நெரித்த உடனே அணைந்தால் லீன்; வெகுநேரம் ஓடி வேகமும் ஏறினால் ரிச்.

மறுமொழி – மண்தடம்

அப்படியே செய்தேன். நெரித்தபோது மூன்று வினாடியில் அணைந்தது. டேங்கின் கடைசிச் சொட்டு வரை ஓட்டியதில் வெப்பநிலை 115ஐத் தாண்டவில்லை.