ஆற்றுவாழை: கிட்டங்கி முதல் கல்லாறு வரை சில அனுபவங்கள்

நாவிதன்வெளியிலிருந்து:

கல்முனையில் தொழில் பார்த்துக்கொண்டு நாவிதன்வெளியில் குடியிருப்பவர்களுக்கு, வெள்ளம் மேலால் பாயும்படி தாழக் கட்டிய கிட்டங்கித் தாம்போதியைக் கடப்பது அன்றாட வேலை. மாரி தொடங்கிவிட்டால் அதுவே அன்றாடக் கவலையும் ஆகிவிடுகிறது. தாம்போதிக்கு மேலால் நீர் பாயத் தொடங்கியதும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதா, சம்மாந்துறைப் பக்கமாகச் சுற்றிப் போவதா என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழும். மழையைக் குறைசொல்லிவிட்டு இருப்பது எங்கள் வழக்கம். ஆனால் மழை விட்ட பின்னும் நீர் இறங்காமல் நிற்பதைப் பார்த்தால், மதகுகளின் வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும் ஆற்றுவாழையும் (ஆகாயத்தாமரை) சல்பீனியா என்ற மிதக்கும் பன்னமும்தான் கண்ணில் படுகின்றன.

ஓர் ஆற்றுவாழைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் அது பரவும் விதம் விளங்கும். பஞ்சு போன்ற காற்றறைகள் நிறைந்த தடித்த காம்பு அதை மிதக்க வைக்கிறது; பக்கவாட்டில் ஓடும் தண்டின் நுனியில் வேரோடு குட்டிச் செடி ஒன்று ஏற்கெனவே நிற்கிறது. சத்துள்ள நீர் கிடைத்தால் இரண்டு வாரமளவில் இரட்டிப்பாகிவிடும். விதைகளோ அடிச்சேற்றில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, நீர் வற்றி வெளிச்சம் பட்டதும் முளைக்கக்கூடியவை. தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இந்தச் செடியை ஒழிப்பதற்கென்றே 1909இல் இலங்கையில் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சட்டத்துக்கு நூறு வயது கடந்துவிட்டது; செடிக்கு மூப்பே இல்லை.

அடர்ந்த பாய்க்குக் கீழே சூரிய ஒளி இறங்குவதில்லை. அதனால் நீருக்குள் வளரும் பாசியும் பூண்டும் மடிகின்றன. அவை மடிந்ததும் நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைகிறது. அந்த நீரில் தாக்குப்பிடிக்கும் சில மீன்கள் மிஞ்ச, மற்றவை விலகிப் போகின்றன. ஒவ்வொரு வருடமும் பெக்கோ இயந்திரம் வந்து செடியை அள்ளிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அது அங்கேயே அழுகி, அடுத்த மழையில் அதன் சத்து முழுவதும் மீண்டும் அதே நீருக்குள் வழிந்துவிடுகிறது. அள்ளியதைக் கரையிலிருந்து அகற்றாமல் விடும்வரை இது செலவே தவிரத் துப்புரவு ஆகாது என்பது என் எண்ணம்.

பெரியகல்லாற்றிலிருந்து:

கிட்டங்கியில் தேங்குவது பிறகு எங்களிடம்தான் வந்து சேர்கிறது. மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் இரண்டு இடங்களில் ஒன்று பாலமீன்மடு. மற்றது எங்கள் கல்லாறு. கோடையில் அலை ஒதுக்கும் மணல் முகத்துவாரத்தை மூடிவிடும்; மாரி வெள்ளம் அதை உடைக்கும், அல்லது வயல்கள் மூழ்குகின்றன என்று கேட்டு வெட்டுவார்கள்.

வெட்டுவதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தால் உள்ளே வந்து, கண்டல், கண்ணா மரங்களின் வேர்களுக்கிடையில் ஒளிந்து வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. வாய் திறக்காவிட்டால் எங்கள் வீச்சுவலைக்கு வேலை இல்லை. சிக்கல் எப்போது வெட்டுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. வாவி நன்றாக நிரம்பிய பின் வெட்டினால், நீர் பாயும் வேகத்திலேயே வாய் ஆழமாக அரிக்கப்பட்டுப் பல நாள் திறந்திருக்கும். மட்டம் ஏறுவதற்கு முன்பே அவசரப்பட்டு வெட்டினால், பலமில்லாத ஓட்டம் மணலைத் தள்ள மாட்டாமல், அலை அதை விரைவில் மூடிவிடும். வளராத இறால் குஞ்சும் வெளியே அடித்துச் செல்லப்பட்டிருக்கும்.

வெள்ளத்தோடு மிதந்து வரும் ஆற்றுவாழை உவர்நீரைத் தாங்காது. முதலில் இலையோரம் கருகும். பின் முழுச் செடியும் குழைந்து அடியில் தங்கிவிடும். உப்பு எங்களுக்காகச் செடியைக் கொன்றுவிட்டது என்று மகிழ முடியவில்லை, ஏனெனில் அழுகும்போது மிச்சமிருக்கும் ஒட்சிசனையும் அது பிடித்துக்கொள்கிறது. காற்றில்லாத இரவு கழிந்த விடியற்காலையில் தோணியை இறக்கினால், அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடிக்கும். மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். அன்று யாரும் வலை எறிவதில்லை.

சம்மாந்துறையிலிருந்து:

மேலே எழுதிய இருவரும் வயல்காரரைப் பெயர் சொல்லாமல் சொல்லியிருக்கிறார்கள், கோபமில்லை. கல்லோயாத் திட்டத்தில் சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கம் கட்டப்பட்ட பின் எங்கள் பக்கத்தில் மாரிப் பெரும்போகம், கோடைச் சிறுபோகம் என இரண்டு போகமும் செய்ய முடிகிறது. ஆகவே வடிச்சல் வாய்க்காலும் மாரியில் மட்டுமன்றிச் சிறுபோகத்திலும் பசளை கலந்த நீரைச் சுமந்து செல்கிறது. அந்த நைதரசனும் பொசுபரசும்தான் ஆற்றுவாழைக்குத் தீனி என்பதை மறுக்க முடியாது. நகரக் கழிவுநீரும் குப்பையும் அதே வாய்க்கால்களில்தான் விழுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

பசளையே போடாதே என்றால் எவரும் கேட்க மாட்டார்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தபோது பட்டதை எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், ஒருவரும் மறக்கவில்லை. ஆனால் யூரியா எறிந்த கையோடு வரம்பை வெட்டி நீரை வடிய விடும் பழக்கத்தை நிறுத்த முடியும். எறிந்த பின் சில நாட்கள் வரவையில் (வரம்பு கட்டிய வயல் துண்டில்) நீரைக் கட்டி வைத்தால் சத்து பயிருக்குத்தான் போகும்; காசும் மிச்சமாகும். வாய்க்கால் ஓரத்துப் பன் புல்லையும் வெட்டித் தள்ளாமல் விட்டால், தப்பி வரும் சத்தில் ஒரு பங்கை அது உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் வயற்கண்டத்தில் இதைச் செய்கிறவர்கள் மிகச் சிலரே. பக்கத்து வரவைக்காரர் மாறாவிட்டால் நான் மட்டும் மாறி என்ன பயன் என்ற பேச்சுத்தான் கூட்டத்துக்குக் கூட்டம் எழுகிறது. முகத்துவாரம் வெட்டும் திகதியைப் பேசும் நாளில், யூரியா எறியும் திகதியையும் நீரை வடிக்கும் திகதியையும் கல்லாற்று மீனவர்களின் முன்னிலையிலேயே முடிவு செய்யுங்கள் என்று அடுத்த பெரும்போகக் கூட்டத்தில் கேட்பதாக இருக்கிறேன்.