தினமும் காலையில் எட்ஜுக்குத் தாவிய பிடிஎஃப்: எங்கள் ஆபீஸ் அனுபவம்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். டொமைனில் (ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் நெட்வொர்க்) 140 மெஷின்கள், எல்லாம் விண்டோஸ் 11. இதே தொல்லையில் மாட்டியிருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அக்கவுண்ட்ஸில் இருக்கும் அக்கா ஒரு திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டார். இன்வாய்ஸ் பிடிஎஃபை டபுள் கிளிக் செய்தால் எட்ஜ் பிரவுசரில் திறக்கிறது. அவருக்கு அதில் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துச் சான்று இருக்கும் யூஎஸ்பி டோக்கன் செருகி, வழக்கமான பிடிஎஃப் மென்பொருளில் திறந்தால்தான் அந்த வேலை நடக்கும். ரைட் கிளிக், ஓபன் வித், ஆல்வேஸ் என்று மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நிமிஷ வேலை.

மறுநாள் காலை 9.10-க்கு மறுபடி போன். "நேத்து சரி பண்ணிக் குடுத்தீங்கல்லங்க தம்பி, இன்னைக்கு மறுக்கா அப்படியேதான் இருக்குதுங்க." போய்ப் பார்த்தேன். ஃபைல்களின் மேல் எட்ஜ் ஐகான். மாற்றினேன். புதன்கிழமையும் அதே கதை. அதற்குள் பக்கத்து மேசைகளிலிருந்தும் புகார் வர ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் அக்காவிடம், "நீங்க எதையோ அழுத்தி மாத்தி வச்சிடறீங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்த அம்மா முகம் வாடியதைப் பார்த்தேன். அவர் பதினைந்து வருஷமாக அதே மேசையில் வேலை பார்ப்பவர்.

அடுத்து நான் செய்தது தப்பு. லாகின் ஆகும்போது தானாக ஓடும் ஸ்க்ரிப்டில் ஒரு ரெஜிஸ்ட்ரி ஃபைலைப் போட்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், பயனரின் தேர்வு பதிவாகும் யூசர்சாய்ஸ் கீயில் பிடிஎஃபுக்கு நேரடியாக எழுத வைத்தேன். விண்டோஸ் 8 முதல் அந்தக் கீயில் ப்ரோக்ஐடியோடு (எந்த மென்பொருள் என்று சொல்லும் பெயர்) ஒரு ஹேஷும் (சரிபார்ப்புக் குறியீடு) இருக்கிறது. ஹேஷ் ஒத்துப்போகாவிட்டால், யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று விண்டோஸ் அதைத் தள்ளிவிட்டுத் தன் இயல்பு நிலைக்குப் போய்விடும். ஆப் டீஃபால்ட் ரீசெட் ஆனது என்று திரையோரத்தில் அறிவிப்பு வந்து, புகார்கள் இரட்டிப்பாயின. ஃபைல் வகைக்கு மென்பொருளைப் பொருத்தும் பழைய அசோக் (assoc), எஃப்டைப் (ftype) கட்டளைகளும் இங்கே உதவாது. அவை மெஷின் அளவில்தான் மாற்றும், யூசர்சாய்ஸ் அதை மிஞ்சிவிடும்.

வழி திறந்தது ஸ்டோர்ஸில் இருக்கும் ஒரு பெரியவரால். அவர் மெஷினில் மட்டும் பிரச்சினையே இல்லை. அதே இமேஜ் (எல்லா மெஷினிலும் போடும் விண்டோஸ் நகல்), அதே மென்பொருள். என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டே நின்றபோது, அவர் டீ குடிக்க எழுந்தார். விண்டோஸ் கீயும் எல்லும் அழுத்தி லாக் செய்துவிட்டுப் போனார். "சாயங்காலம் ஷட்டவுன் பண்ணுவீங்களாங்க?" என்றேன். "இல்லீங்க, லாக் பண்ணிட்டுப் போயிருவேன்" என்றார். அக்கா தினமும் ஒழுங்காக ஷட்டவுன் செய்பவர். அப்படியென்றால் லாகின் நேரத்தில்தான் ஏதோ நடக்கிறது.

சர்வரிலிருந்து வரும் பாலிசிகளில் (கட்டாய அமைப்புகள்) எவை அமலில் உள்ளன என்று காட்டும் ஜிபிரிசல்ட் கட்டளையை ஏற்கெனவே ஒருமுறை ஓட்டியிருந்தேன், ஒன்றும் சிக்கவில்லை. அக்காவின் லாகினிலேயே சாதாரணமாக ஓட்டியதால் யூசர் பக்கம் மட்டும்தான் வந்திருந்தது. அட்மினாக ஓட்டினால்தான் கம்ப்யூட்டர் பக்கத்து பாலிசிகள் தெரியும். இந்த முறை தெரிந்தது: ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் கீழ், டீஃபால்ட் அசோசியேஷன்ஸ் கான்ஃபிகரேஷன் ஃபைல் (எந்த ஃபைல் எதில் திறக்கும் என்ற பட்டியல்) அமைக்கும் பாலிசி. அது நெட்வொர்க்கின் பொது ஃபோல்டரில் இருந்த ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலைக் காட்டியது. நோட்பேடில் திறந்தேன். டாட் பிடிஎஃப் வரியில் எம்எஸ்எட்ஜ்பிடிஎஃப் என்று எட்ஜின் ப்ரோக்ஐடி இருந்தது. ஃபைல் மாறிய நாள், அக்கா முதலில் கூப்பிட்ட திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை.

புது மாடல் மெஷின் தயார் செய்தவர், பிடிஎஃப் மென்பொருளைப் போடுவதற்கு முன்பே டிஐஎஸ்எம் என்ற விண்டோஸ் கட்டளையால் அசோசியேஷன்களை எக்ஸ்போர்ட் செய்து பழைய ஃபைலின் மேல் எழுதிவிட்டார். பாலிசி ஒவ்வொரு லாகினிலும் அதைப் போடும். நாங்கள் பகலில் மாற்றியதெல்லாம் மறுநாள் காலையில் போய்விடும்.

எல்லா மென்பொருளும் உள்ள மெஷினிலிருந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன். அதில் எங்களுக்கு வேண்டிய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். முழு ஃபைலையும் திணித்தால் ஊழியர்கள் விருப்பப்படி வைத்திருக்கும் மற்றவையும் தினமும் அழியும். சஜஸ்டட் என்ற குறிப்பையும் வெர்ஷன் எண்ணையும் சேர்த்தால் ஒருமுறை போட்டுவிட்டு, அதன்பின் பயனர் மாற்றுவதை விட்டுவிடும். மூன்று மெஷின்களைத் தனி ஓயூவில் (டொமைனுக்குள் ஒரு பிரிவு) வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் எல்லாருக்கும் விட்டேன்.

அன்றே மேனேஜரிடம் போய், தப்பு நம் சர்வரில், அக்கா எதையும் தொடவில்லை என்று சொன்னேன். அவரும் அக்கா மேசைக்கே வந்து சொன்னார்.

* * *

நானும் ஒரு அட்மின்தான், மேலே எழுதியவரைப் போல இல்லாமல் எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஒருவருடைய டெஸ்க்டாப்பில் எந்த ஷார்ட்கட்டை அழுத்தினாலும் நோட்பேட்தான் திறந்தது. ஷார்ட்கட்டுகளின் வகையான டாட் எல்என்கே ஃபைலுக்கே ஓபன் வித் விழுந்திருந்தது. பயனருக்கு ரெஜிஸ்ட்ரி எடிட்டர் தடை, அதனால் என் அட்மின் கணக்கில் திறந்து கரண்ட் யூசர் கிளையில் தேடினேன், எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒரு மணி நேரம் போனபின்தான் உறைத்தது, நான் பார்ப்பது என்னுடைய கிளை! ஹெச்கீ யூசர்ஸில் அவருடைய எஸ்ஐடிக்குள் (விண்டோஸ் பயனருக்குத் தரும் அடையாள எண்) போய், ஃபைல்எக்ஸ்ட்ஸ் கீழே எல்என்கேயின் யூசர்சாய்ஸை அழித்தேன். லாக் ஆஃப் செய்து வந்ததும் சரியாகிவிட்டது. அவரை லாகினில் வைத்துக்கொண்டே செய்யுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கிளையே தெரியாது.

* * *

நண்பர்களே, ஒரு சந்தேகம் எல்லாரிடமும் வருகிறது, அதனால் சொல்கிறேன். அசோசியேஷன் ஃபைலை டிஐஎஸ்எம் இம்போர்ட் மட்டும் செய்துவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்று காத்திருக்காதீர்கள். அது அந்த மெஷினில் முதல்முறை லாகின் செய்யும் புதுப் பயனருக்குத்தான். ஏற்கெனவே ப்ரொஃபைல் உள்ளவர்களை அது தொடாது. நான் 40 மெஷினில் ஓட்டிவிட்டு இரண்டு நாள் குழம்பியிருக்கிறேன். பழையவர்களுக்கு மேலே சொன்ன பாலிசிதான் வழி.