நம்ம குடும்பம் குழு: தாத்தாவின் 90-க்கு இங்கிலீஷில் என்ன போடுவது?

கார்த்தி: வர்ற ஆகஸ்ட் 14 தாத்தா பிறந்த நாள். வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்களும் படிக்கணும்னு இங்கிலீஷ்ல ஒரு படம் ரெடி பண்றேன். மேல 'ஹேப்பி 90த் பர்த்டே தாத்தா', கீழ '1935–2018, ஏஜ்ட் 83'. சரியான்னு பாத்து சொல்லுங்க.

மீனா அத்தை: 'ஹேப்பி பர்த்டே'யை எடுத்துடுடா. 'தாத்தா வுட் ஹேவ் பீன் 90 டுடே'ன்னு போடு. இருந்திருந்தா இன்னிக்கு 90ன்னு நாம சொல்றது அப்படியே அதுல வந்துடும். 'வுட் ஹேவ் டர்ன்ட் 90'ன்னாலும் சரிதான்.

பெரியப்பா: பேப்பர்ல எல்லாம் 'பர்த் ஆனிவர்சரி'ன்னு போடுறானே மீனா? '90த் பர்த் ஆனிவர்சரி'ன்னா கௌரவமா இருக்கும்ல?

மீனா அத்தை: தப்பில்ல அண்ணே. இந்தியாவுல காந்திக்கு 2019ல '150த் பர்த் ஆனிவர்சரி'ன்னுதான் கொண்டாடினாங்க. ஆனா அங்க பிறந்து வளர்ந்த பசங்க காதுக்கு அது அரசாங்க நோட்டீஸ் மாதிரி கேட்கும். அவங்க எழுதினா '150த் ஆனிவர்சரி ஆஃப் ஹிஸ் பர்த்'னு விரிச்சு எழுதுவாங்க, அதுவும் பெரிய மனுஷங்களுக்கு. வீட்டுக்கு 'வுட் ஹேவ் பீன்' போதும். இன்னொண்ணு, உயிரோட இருக்கிறவருக்கு மட்டும் 'பர்த் ஆனிவர்சரி' போட்டுடாதீங்க. எப்ப எடுத்தாங்கன்னு கேட்டு போன் வரும் 😄

திவ்யா: 😂😂

மீனா அத்தை: கார்த்தி, 'ஏஜ்ட் 83' தப்பு. அப்பாவுக்கு 82.

பெரியப்பா: 2018ல 1935 போனா 83 தானேம்மா?

மீனா அத்தை: அப்பா போனது மார்ச் 3. ஆகஸ்ட் அப்ப வரவே இல்லையே. அந்த வருஷப் பிறந்த நாளைத் தாண்டலன்னா ஒண்ணு கழிக்கணும். கலாம் ஐயாவைப் பாருங்க: பிறந்தது 15 அக்டோபர் 1931, இறந்தது 27 ஜூலை 2015. சும்மா கழிச்சா 84, ஆனா வயசு 83. பாரதியும் அப்படித்தான். 1882 டிசம்பர்ல பிறந்து 1921 செப்டம்பர்ல போனார், 39 ஆகல, 38தான்.

பெரியப்பா: நாம அப்ப '83 நடக்குது'ன்னுதானே சொல்லிட்டிருந்தோம்?

மீனா அத்தை: அதுவும் சரி. 'நடக்குது'ங்கிறதுக்கு இங்கிலீஷ்ல 'இன் ஹிஸ் 83ர்ட் இயர்'. 'ஏஜ்ட் 82'ம் அதுவும் ஒரே வயசுதான். ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் 'ஏஜ்ட் 83' ஆகிடுது. முடிஞ்ச வருஷத்தை எண்ணினா 'ஏஜ்ட்', ஓடிக்கிட்டிருக்கிற வருஷத்தை எண்ணினா 'இன் ஹிஸ்'.

திவ்யா: அத்தை, 'அட் தி ஏஜ் ஆஃப் 82 இயர்ஸ்'?

மீனா அத்தை: 'இயர்ஸ்' வேண்டாம், 'ஏஜ்'லயே வந்தாச்சு. 'இன் தி ஏஜ் ஆஃப்'னும் எழுதாத. '82 இயர்ஸ் ஓல்ட்'ல எஸ் வரும். ஆளுக்கு முன்னாடி வந்தா எஸ் போயிடும், நடுவுல கோடு வந்துடும்: 'ஆன் 82-இயர்-ஓல்ட் மேன்'. முன்னாடி 'எ' இல்ல, 'ஆன்'. எய்ட்டின்னுதானே வாசிக்கிறோம்.

கார்த்தி: கீழ ஒரு வரி, 'ஹி ஹேஸ் பாஸ்ட் அவே செவன் இயர்ஸ் பேக்'னு வெச்சிருக்கேன். அது ஓகேவா?

மீனா அத்தை: 'ஹேஸ்' தூக்கிடு. எப்ப நடந்ததுன்னு காலம் சொல்லிட்டா அது ஒட்டாது. 'ஹி பாஸ்ட் அவே செவன் இயர்ஸ் அகோ'. 'பேக்' பேச்சுக்கு ஓகே, கார்டுக்கு 'அகோ'. 'போய் ஏழு வருஷமாச்சு'ங்கிற மாதிரி வேணும்னா 'இட் ஹேஸ் பீன் செவன் இயர்ஸ் சின்ஸ் ஹி பாஸ்ட் அவே'. 'சின்ஸ் செவன் இயர்ஸ்' மட்டும் கூடவே கூடாது. 'சின்ஸ்' பின்னாடி தொடங்கின நேரம் வரணும், 'சின்ஸ் 2018' மாதிரி. நீளத்தைச் சொல்ல 'ஃபார்'.

பெரியப்பா: மார்ச்ல திதி கும்பிட்டப்போ 'எய்ட்த் டெத் ஆனிவர்சரி'ன்னு ஒருத்தர் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாரே?

மீனா அத்தை: 2018 மார்ச் கணக்குல வராது அண்ணே. 2019தான் ஃபர்ஸ்ட், நம்ம முதலாம் ஆண்டு நினைவு நாள் மாதிரியே. அப்ப 2025 செவன்த். 'செவன் இயர் ஆனிவர்சரி'ன்னும் சில பேர் எழுதுறாங்க, 'செவன்த்'னாலே வருஷம்தான். 'செலிப்ரேட்' வேண்டாம், 'மார்க்' இல்லன்னா 'ரிமெம்பர்'.

திவ்யா: செப்டம்பர்ல பாட்டியோட கல்யாண நாள் வருதே. 1960 கல்யாணம். 'ஹேப்பி 65த் ஆனிவர்சரி'ன்னு அனுப்பலாமா?

மீனா அத்தை: அம்மா தனியா இருக்கிறப்போ 'ஹேப்பி' வேண்டாம்டி. 'டுடே வுட் ஹேவ் பீன் யுவர் 65த் வெட்டிங் ஆனிவர்சரி. திங்கிங் ஆஃப் யூ, பாட்டி.' அவ்வளவுதான்.

பெரியப்பா: 65க்கு ஏதோ ஜூபிலி உண்டுல்ல?

மீனா அத்தை: அதுல இறங்காதீங்க. எலிசபெத் ராணி ஆட்சிக்கு 2012ல 60 வருஷம், அது டைமண்ட்; 2022ல 70, அது பிளாட்டினம். நம்ம ஸ்கூல் காலேஜ்ல 75ஐத்தான் பிளாட்டினம்னு சொல்றாங்க. நம்பரே போடுங்க.

கார்த்தி: ஃபைனல்: 'தாத்தா வுட் ஹேவ் பீன் 90 டுடே. 14/08/1935 – 03/03/2018.' 13 ராத்திரி அனுப்பிடுறேன்.

மீனா அத்தை: 14/08 சரிப்படாதுடா, அமெரிக்காவுல மாசத்தைத்தான் முதல்ல எழுதுவாங்க. '14 ஆகஸ்ட் 1935'னு மாசத்தை எழுத்துலயே போடு. அப்புறம் 13 ராத்திரி அனுப்பிட்டு 'டுடே'ன்னா எப்படி? நாம 14 காலையில அனுப்பினாலும் அங்க 13தான். 'டுடே'வைத் தூக்கிட்டு 'வுட் ஹேவ் டர்ன்ட் 90 ஆன் 14 ஆகஸ்ட்'னு மாத்திடு, எப்ப பாத்தாலும் பொருந்தும்.

கார்த்தி: மாத்திட்டேன் 👍